இலை போட்ட பேன்ட்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துப் பக்கம் போனால், நடைபாதையில் தார்ப்பாய் விரித்துத் துணி விற்பதைப் பார்க்கலாம். நைட்டி ஒரு குவியல், பனியன் ஒரு குவியல், ஆறு பாக்கெட் வைத்த பேன்ட் ஒரு குவியல். அந்த மூன்றாவது குவியலில் பாதிக்கு மேல் ஒரே ஜாதி. பச்சை, பழுப்பு, கறுப்பு என்று திட்டுத்திட்டாக இலையும் நிழலும் அச்சடித்த துணி. கடைக்காரர் அதை ஆர்மி டிசைன் என்பார், வாங்குகிறவர் மிலிட்டரி பேன்ட் என்பார். புத்தகத் தமிழில் உருமறைப்பு உடை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.

"ஏண்ணே, எல்லாரும் இதையே எடுக்குறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அழுக்கு தெரியாதுல்லண்ணே" என்றார், வேறென்ன காரணம் வேண்டும் என்பதுபோல.

அவர் சொன்னது சரிதான். போர்வெல் வண்டியில் போகிற பையனும், ஜேசிபி ஓட்டுகிறவரும், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை வாசலில் ராத்திரிக் காவலுக்கு உட்காருகிறவரும் அதை வாங்குகிறார்கள். கிரீஸ் பட்டாலும் செம்மண் ஒட்டினாலும் இருக்கிற திட்டுகளோடு அது இன்னொரு திட்டு. துப்பாக்கியோடு புதருக்குள் பதுங்குகிறவனுக்காகப் பிறந்த துணி, வேட்டையே குற்றமாகிவிட்ட ஊரில் கிரீஸ் கறைக்காக விலைபோகிறது. அது இங்கே வந்து சேர்ந்தது சுற்றுவழியில்தான்.

வரி போட்ட படைத்துணி இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1755இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. அவர் மகன் திப்புவின் காலாட்படைக்குப் புலிவரி போட்ட உடுப்பு உண்டு. ஊதாநிறத் துணியில் வெள்ளை வரிகள். 1790இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படை கோட்டையைப் பிடிக்கும்வரை திண்டுக்கல் மலை பெரும்பாலும் மைசூரின் கையில்தான் இருந்தது. அந்த ஊதா வரியும் அந்தப் பாறைமேல் கொஞ்சகாலம் நடமாடியிருக்க வேண்டும். மொட்டைப் பாறையில் ஊதாத் துணி யாரை மறைக்கும்? புலி நிற்கிறது என்று எதிரிக்குக் காட்டத்தான் அந்த வரி. கும்பினியின் சிவப்புக் கோட்டும் அதே ஜாதி. சண்டைக்குப் போகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உலகம் நினைத்த காலம் அது.

அந்த நினைப்பு உடைந்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைக்கு, எல்லைப்புறத்துப் புழுதியின் நிறத்தில் சாயம் தோய்த்த உடை வந்தது. பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி. காக்கி என்றால் புழுதி நிறத்தது. தெற்கே மங்களூரில் பாசல் மிஷன் நெசவுச்சாலையை நடத்திய ஜான் ஹாலர்தான் காக்கிச் சாயத்தைக் கண்டுபிடித்தார் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். முதலில் தோய்த்தது யார் என்ற வழக்கு எப்படியும் போகட்டும். பச்சை இல்லை, இலை இல்லை, வரி இல்லை; நிற்கிற மண்ணின் நிறம் மட்டும். அந்த யோசனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

திட்டுத்திட்டான அச்சு வந்தது ஓவியர்களால். 1914இல் பிரெஞ்சுச் சிப்பாய் சிவப்புக் கால்சட்டையோடு போர்முனைக்குப் போனான், குருவி விழுவதுபோல் விழுந்தான். அடுத்த வருடமே பிரெஞ்சு இராணுவம் ஓவியர் கிராண்ட் தெ ஸெவோலாவின் தலைமையில் உருமறைப்புப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. அதன் சின்னம் பச்சோந்தி. பீரங்கிக்கும் கூடாரத்துக்கும் கையால் வண்ணம் அடித்தார்கள். ஆலையில் மொத்தமாக அச்சடித்துத் துணியாக வெளியிட்டது 1929இல் இத்தாலி, அதுவும் கூடாரத் துணிக்காக.

நம் நடைபாதைப் பேன்ட்டுக்கு நேர்த் தாத்தா அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுக் காடுகளுக்கு ஒரு துணி தேவைப்பட்டபோது, நார்வெல் கில்லெஸ்பி என்ற தோட்டக்கலை எழுத்தாளர் அதை வரைந்தார். ரோஜாவுக்கு எரு வைப்பது பற்றி எழுதுகிறவருக்கு இலைக்குக் கீழே நிழல் எப்படி விழும் என்று தெரியாதா? ஒருபக்கம் பச்சை, திருப்பிப் போட்டால் பழுப்பு. தவளைத்தோல் என்று பெயர் வந்தது, 1942இல் சிப்பாய்களுக்குக் கிடைத்தது. 1944இல் நார்மண்டியில் அதைப் போட்டுக்கொண்டு போரிட்டவர்களுக்கு வேறு சிக்கல். எதிர்ப்பக்கம் ஜெர்மானிய எஸ்.எஸ். படையும் திட்டுப் போட்ட உடையில் இருந்ததால் சொந்த ஆட்களே குறிவைத்தார்கள். ஐரோப்பாவில் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். போர் முடிந்ததும் மிச்சமிருந்த சரக்கு சந்தைக்கு வந்தது. வாத்து சுடுகிறவர்கள் மலிவாக வாங்கிப் போட்டார்கள். அந்த அச்சுக்கு 'டக் ஹண்டர்' என்றே பெயர் நிலைத்தது.

இராணுவம் கழித்துப் போட்டதை முப்பது வருடத்துக்கு மேல் உடுத்திய பிறகு வேட்டைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று வந்தது. 1980இல் ஜிம் கிரம்லி மரப்பட்டையைப் பார்த்து வரைந்த 'ட்ரீபார்க்'. 1986இல் 'ரியல்ட்ரீ', அதே வருடம் 'மாஸி ஓக்'. இன்று அவர்கள் ஊர்ஊராக, பருவம்பருவமாக அச்சு விற்கிறார்கள். சதுப்புக்கு ஒன்று, உதிர்காட்டுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. வியாபாரத் தந்திரம் பாதி, உண்மை பாதி.

உண்மையான பாதி என்னவென்று திண்டுக்கல் மண்ணில் வைத்துப் பார்த்துவிடலாம். நான் போய்ப் பார்த்தேன். பறவை படமெடுக்கும் ஆசையில் அந்தக் குவியலிலிருந்து ஒரு பேன்ட்டும், அதே அச்சில் ஒரு சட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒரு சித்திரைக் காலையில் அய்யலூர் பக்கம் கரட்டடியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் செம்மண், வெள்ளை வேலமுள், காய்ந்த கொழுக்கட்டைப்புல், சாம்பல் பாறை. கால் மணிநேரத்தில் தூரத்து மேட்டிலிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் குரல் கொடுத்தார்: "அங்க யாருப்பா, பச்சப்பசேல்னு?" அந்தக் காட்டில் அன்றைக்குப் பச்சையாக இருந்தது நான் ஒருவன்தான்.

பசிபிக் தீவுக்கு வரைந்ததன் வாரிசை மழைமறைவுச் சமவெளியில் போட்டால் வேறென்ன நடக்கும்! வேடசந்தூர், குஜிலியம்பாறை, அய்யலூர் வட்டாரம் வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் பச்சை கட்டும். மற்ற மாதங்களில் துரு நிறமும் வைக்கோல் நிறமும்தான். சிறுமலைக்கு மேலே போனால் கதை வேறு. மலைவாழையும் காப்பித் தோட்டமும் பலா நிழலும் இருக்கிற அங்கே இந்தப் பேன்ட் ஓரளவு வேலை செய்யும். ஒரே மாவட்டம், மலையேறுவதற்குள் அச்சு மாற வேண்டியிருக்கிறது.

நிறம் சரியானாலும் திட்டின் அளவு காலை வாரிவிடும். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கடைக்குள் விரித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதையே கட்டிக்கொண்டு ஒருவர் தெருக்கோடியில் போனால் ஒரே நிறமாகத் தெரியும். பொடிப்பொடியாக இலையும் சுள்ளியும் அச்சடித்த துணிக்கும் அதே கதிதான். கையில் எடுத்துப் பார்க்க அச்சு அசல் காடு. அறுபது அடி தள்ளி நின்றால் எல்லாம் கரைந்து, மனுஷ வடிவில் ஒரு கறுப்பு. அதனால் தேர்ந்தவர்கள் இலை எவ்வளவு தத்ரூபம் என்று பார்க்கமாட்டார்கள். தோளும் தலையும் சேருகிற கோட்டை உடைக்கிற அளவுக்குப் பெரிய வெளிர்த்திட்டும் கருந்திட்டும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடையில் தெரிகிற அழகு வாங்குகிறவனைப் பிடிக்கிற தூண்டில்.

அடுத்தது, யார் கண்ணுக்கு மறைகிறோம் என்பது. மான் கண்ணில் நிறம் அறியும் கூம்பு இரண்டு வகைதான். நமக்கு மூன்று. ஆரஞ்சும் பச்சையும் அதற்குப் பெரிதாக வேறுபடாது. புலி ஆரஞ்சு நிறத்தில் இருந்துகொண்டும் பட்டினி கிடக்காததன் இரகசியம் அதுதான். ஆனால் நீலத்தில் மான் கெட்டி. அமெரிக்க வெண்வால் மானை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்கள், நமக்குத் தெரியாத புறஊதாப் பக்கமும் அதன் கண் கொஞ்சம் எட்டும் என்று கண்டார்கள். வெள்ளை பளிச்சிடுவதற்காகச் சலவைத்தூளில் ஒரு வேதிப்பொருள் சேர்ப்பார்கள். அது புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வேட்டை உடையை நல்ல பவுடர் போட்டுத் துவைத்துக்கொண்டு போனால் அந்திவெளிச்சத்தில் மானுக்கு நீங்கள் ஒரு விளக்கு. காட்டுப்பன்றிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, அது மூக்கால் பார்க்கிறது. பறவைகளுக்குக் கூம்பு நான்கு வகை. கவுதாரியின் கண்ணுக்கு முன்னால் நம் அச்சுத்துணி எவ்வளவு மட்டமான பொய்யாகத் தெரியும் என்று ஊகிக்கக்கூட நம்மிடம் கண் இல்லை.

கவுதாரியின் முதுகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வைக்கோலின் வெளிர்மஞ்சள், மண்ணின் செம்பழுப்பு, குறுக்கே மெல்லிய கோடுகள். காலை வைக்கப்போகிற கடைசி நொடிவரை அசையாது. பக்கி இன்னும் மோசம், பாதையிலேயே உட்கார்ந்திருக்கும், தெரியாது. இந்தச் சமவெளிக்கு ஓர் அச்சு வரைய வேண்டுமென்றால் அந்த இரண்டு முதுகையும் பார்த்தால் போதும். அன்று எனக்கு முன்னால் இரண்டு கவுதாரிகள் எழுந்து பறந்தன. என் பச்சையால் அல்ல. காமிராவைத் தூக்கியபோது அந்தப் பாலியஸ்டர் சரசரத்தது.

இந்த ஊரில் வேட்டைக்குப் போனவர்கள் துணியை நம்பியதே இல்லை. என் பெரியப்பா ஒருவர், ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை, முயலுக்குப் போவார். கட்டியிருப்பது மண்ணேறிப் பழுப்பாகிப்போன வேட்டி, தலையில் அதே நிறத்தில் ஒரு துண்டு. கிளம்பும்போது ஒரு பிடி புழுதியை அள்ளித் தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். "காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும்டா, முதுகுல அடிச்சா வீட்டுக்குத் திரும்பிட வேண்டியதுதான்" என்பார். அவர் படித்த உருமறைப்புப் பாடம் அவ்வளவுதான். பிற்பாடு வந்தவர்கள் நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டார்கள். கண் கூசி நிற்கிற முயலுக்கு விளக்குக்குப் பின்னால் இருப்பவன் என்ன போட்டிருந்தால் என்ன?

அதற்கும் முந்தைய வழி இன்னும் நுட்பமானது. தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு, காட்டு விலங்கை ஈர்ப்பதற்காகப் பழக்கிய விலங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறார். வேட்டுவன் உறங்குகிறான், கட்டிவைத்த பார்வைப் பெண்மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகிறது, இரண்டும் கலைந்துவிடக் கூடாதென்று அவன் மனைவி ஓசைப்படாமல் இருக்கிறாள். கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுக் கண்ணி வைப்பது அந்தப் பார்வையின் தொடர்ச்சிதான். மராட்டியப் பக்கத்து வேட்டைச் சமூகமான பார்திகள் பழக்கிய பசுவின் பின்னால் மறைந்து நடந்துபோய்க் கண்ணி வைப்பார்கள். மான் பயப்படாத உருவம் எதுவோ அதுவாகிவிடுவது. மரமாகத் தெரிய முயல்வதைவிட மாடாகத் தெரிவது கெட்டிக்காரத்தனம்.

இப்படிப் பார்த்தால், நம் காலத்துத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய தேடுதலை முடித்துவைத்த உருமறைப்பு உடை எது? சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பிடிக்க அதிரடிப்படை வருடக்கணக்கில் காட்டில் அலைந்தது. 2004 அக்டோபர் 18இல் பாப்பாரப்பட்டியில் காரியத்தை முடித்தது ஆம்புலன்ஸாக வேஷம் போட்ட ஒரு போலீஸ் வண்டி.

போகட்டும். திட்டுத்துணி தமிழர்களிடையே வேட்டையால் பரவவில்லை, போரால் பரவியது. வியட்நாம் காட்டில் பேர்பெற்ற புலிவரி அச்சின் சாயலில் விடுதலைப் புலிகளின் சீருடை அமைந்தது. 'வரிச்சீருடை' என்ற சொல்லே அதனால் வந்தது. ஈழத்துப் படங்கள் சுவரொட்டிகளாக நம் ஊர்ச் சுவரில் ஒட்டப்பட்ட காலத்தில் அந்தத் துணி மறைக்கிற துணியாக இருக்கவில்லை. திப்புவின் ஊதா வரியைப்போல, யார் நிற்கிறார்கள் என்று காட்டுகிற துணி.

இந்திய இராணுவம் தன் அச்சைப் பொதுச்சந்தையிலிருந்து பிடுங்கப் பல வருடமாகப் பாடுபடுகிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் இராணுவ உடையில் வந்தார்கள். அதற்குப் பிறகு, இந்த மாதிரித் துணியை விற்க வேண்டாம், உடுத்த வேண்டாம் என்று இராணுவமே கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15, இராணுவ தின அணிவகுப்பில் புது உடை வெளிவந்தது. தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட்டோடு சேர்ந்து வரைந்த, கணினித்திரைக் கட்டங்கள் போன்ற அச்சு. வடிவமைப்புரிமையும் பதிவுசெய்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது? பழைய தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168. படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த மாதிரி உடை போட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 'என்ற எண்ணத்தோடு' என்கிற அந்த வார்த்தையில்தான் நம் ஜேசிபி ஓட்டுநர் தப்பிக்கிறார். இருந்தாலும் வடக்கே இரயிலில் போகிறவர்கள், பாசறைப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பேன்ட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

வேட்டைச் சட்டத்தில் அந்த மாதிரிச் சந்து கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் விரட்டுவதும் வேட்டைதான். 2022இல் திருத்திய பிறகு பொதுவாக அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை, சிறை மூன்று வருடம்வரை. திருவிழா என்ற பெயரில் நடக்கிற முயல்வேட்டைக்கும் இதில் விலக்கு இல்லை. இந்த ஊரில் 'எந்த அச்சு வேட்டைக்கு ஏற்றது' என்று கேட்கிறவருக்கு ஒரே பதில்தான்: எதுவும் இல்லை. படமெடுக்கவும் பறவை பார்க்கவும் போகிறவர் கேட்டால் சொல்லலாம். இலை போட்டதை விட்டுவிடுங்கள். துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்திச் சட்டை, மண் நிறம், சத்தம் போடாதது. முகத்துக்கும் கைக்கும் ஒரு பழைய துண்டு, ஏனென்றால் வெயிலில் மின்னுவதும் அசைவதும் அவை இரண்டும்தான். மூச்சுக்காற்று முன்னால் போகாத திசை. ராத்திரிக் காவல்காரருக்கு அந்த இலைபோட்ட பேன்ட் பொருத்தம்தான், நான் குறைசொல்ல மாட்டேன்.

நான் பச்சையாக உட்கார்ந்திருந்த அந்த அய்யலூர்க் காடும் இப்போது வெறும் காடு இல்லை. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். பகலெல்லாம் தேவாங்கு முள்மரத்தில் பழுப்புச் சாம்பல் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரியில், கிளையோடு கிளையாக, அசைவது தெரியாமல் அசையும். நம் ஆட்கள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் கண்ணில் விளக்கு பட்டு மின்னும்போதுதான்.

காட்டுப்பன்றித் தொல்லை மட்டும் தீரவில்லை. மக்காச்சோளமும் கடலையும் போட்டவர்கள் ராத்திரி தூங்குவதில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற பன்றியைச் சுடலாம். சுடுவது விவசாயி அல்ல, பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். அந்த ஊழியருக்கு அரசு கொடுத்திருக்கிற சீருடையில் இலையும் இல்லை, திட்டும் இல்லை. காக்கிதான்.